பதினேழாவது சீட்டு

திருச்சியில் முப்பத்தெட்டு நாள் இருந்தேன். அதில் ஐந்து ஞாயிறு. அங்குள்ள ஒரு சிறிய சபையின் ஆயர் இருதய ஆபரேஷனுக்காக வேலூர் போய்விட்டார். அவர் எழுந்து நடமாடும்வரை ஆராதனை நடத்த ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஓய்வு பெற்று ஒன்பது வருஷமான என்னைக் கூப்பிட்டபோதே வேறு யாரும் கிடைக்கவில்லை என்று புரிந்துவிட்டது. எனக்கு வயது எழுபத்து நான்கு. வீடு கோலார் தங்கவயலில். இதில் வரும் பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. ஏன் என்பது படித்தால் தெரியும்.

புரட்டாசியில் எங்கள் ஊரில் காலையில் ஸ்வெட்டர் போடுவோம். திருச்சியில் காலை ஏழு மணிக்கே பனியன் நனைந்தது. கே.கே. நகரில் சபைக் கோயிலுக்குப் பின்னால் மாடியில் ஆயரின் வீடு. படி இருபத்திரண்டு. அவர் கட்டில், அவர் தலையணை, அவர் அலமாரி. என் மூன்று சட்டைகளை நாற்காலி முதுகில் மாட்டிக்கொண்டேன். இடைக்கால ஆயருக்கு எதையும் நகர்த்தும் உரிமை கிடையாது. ஒரு காலண்டரைக்கூட நான் கிழிக்கவில்லை. அது அவர் புறப்பட்ட தேதியிலேயே நின்றது.

அவர் எனக்கு நான்கு பக்கம் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். தண்ணீர் மோட்டார், மைக் சுவிட்ச், கேட்டுப் பூட்டு, யார் வீட்டு நாய் கடிக்கும் என்பது உட்பட நாற்பத்து மூன்று விஷயங்கள். எண்ணுவது என் வழக்கம். என் அப்பா சுரங்கத்தில் டோக்கன் ஆபீசில் வேலை பார்த்தவர். காலையில் எத்தனை பேர் கீழே இறங்கினார்கள், மாலையில் எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்று எண்ணுவதுதான் அவர் வேலை. ஒன்று குறைந்தால் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கும் அப்படித்தான்.

சாப்பாடு முறை வைத்து வந்தது. இருபத்திரண்டு குடும்பங்கள், நாளுக்கு ஒரு வீடு, மூன்று அடுக்குத் தூக்கு. முதல் எட்டு நாளில் ஆறு நாள் கத்திரிக்காய். சபைச் செயலாளர் ஜெயசீலனிடம் கேட்டேன். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் பச்சைக்கொடி காட்டுகிற மாதிரியே கையை ஆட்டிப் பேசுவார். சபையில் ஆயரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஐயருக்குக் கத்திரிக்காய்னா உசுருன்னு பேச்சு ஓடுதுங்க."

"யார் சொன்னாங்க?"

"நீங்கதான். முதல் நாள் பெரியவீட்டு அம்மா கிட்ட நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களாம். இங்க ஒரு வார்த்தை போதும் ஐயரே. சாயங்காலத்துக்குள்ள இருபத்திரண்டு வீட்டுக்கும் போயிடும்."

அப்போது சிரித்தேன்.

கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி. மேலே 'ஜெபக் குறிப்புகள்' என்று வெள்ளை எழுத்து. யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம். சபையார் மட்டுமல்ல, தெருவில் போகிறவர்களும் போடுவார்கள். எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெட்டி உண்டு. ஞாயிறன்று திறந்து, எல்லாச் சீட்டையும் பெயரோடு வாசிப்பேன். ஒருவரின் கஷ்டத்துக்கு ஒருவர் ஜெபித்தால் ஒரு ஜெபம், நூறு பேர் ஜெபித்தால் நூறு ஜெபம் என்பது என் கணக்கு. முன்கூட்டியே படித்துப் பார்க்கவும் மாட்டேன். பார்த்தால் இது வேண்டும், அது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கத் தோன்றும். தேர்ந்தெடுப்பது என் வேலையல்ல என்று நாற்பத்தோரு வருஷம் நினைத்திருந்தேன்.

முதல் ஞாயிறு பதினொரு சீட்டு. வாசித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் ஞாயிறு பதினேழு. முழங்கால் வலி, மகனுக்கு விசா, பேத்திக்குக் கணக்குப் பரீட்சை என்று பதினாறு போயிற்று. பதினேழாவதைப் பிரித்தேன்.

"மல்லிகா, ஸ்ரீரங்கம். மார்பில் கட்டி. கேன்சர்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் பண்ணணுமாம். தையில் பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது சாமி."

கடைசி வரி வாயைவிட்டுப் போன பிறகுதான் என் காதில் விழுந்தது. கோயிலில் அன்று அறுபத்து நான்கு பேர். அறுபத்து நான்கு பேரும் பழக்கத்தில் 'ஆமென்' என்றார்கள்.

ஆராதனை முடிந்ததும் ஜெயசீலன் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "ஐயரே, நாலா மடிச்ச சீட்டை வாசிக்கக் கூடாது. அது ஐயர் மட்டும் பார்த்து ஜெபிக்கிறது. ஒரு மடிப்பு மடிச்சாத்தான் சபைக்கு."

"இது எங்கே எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதலைங்க. எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே!"

"போன வாரம் நாலு மடிப்பு ஒண்ணும் விழல. நாங்களும் மறந்துட்டோம்."

சீட்டுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மடிப்புத் தடம் அப்படியே இருந்தது. பதினேழில் மூன்று நாலாக மடித்தவை. ஒன்று மாமியாரைப் பற்றி ஒரு மருமகள் எழுதியது. அந்த மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதன்பிறகு அந்தப் பெண்ணை நான் கோயிலில் பார்க்கவில்லை.

திங்கள் மதியம் ஒன்றே கால். கோயிலுக்குள் ஒரு பெண் வந்தார். அவரை முன்பே கவனித்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டு வேளையில் வந்து, கடைசிப் பெஞ்சில் மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தொங்கும் அளவெடுக்கும் டேப். சபையார் அல்ல என்பதால் அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வயது ஐம்பது இருக்கும்.

"ஃபாதர், அந்தச் சீட்டைக் குடுத்துடுங்க."

எங்கள் சபைகளில் ஆயரை ஃபாதர் என்று கூப்பிடுவதில்லை. திருத்துகிற நிலையில் நான் இல்லை. எடுத்துக் கொடுத்தேன். அடுத்த கட்டிடத்திலிருக்கும் தையல் கடையில் வேலை என்றார். கடை முதலாளி விமலா எங்கள் சபையைச் சேர்ந்தவர், ஞாயிறன்று மூன்றாம் வரிசையில் இருந்தார்.

"காலையில வந்ததுமே கேட்டுட்டாங்க. நேத்து கோயில்ல மல்லிகா ஸ்ரீரங்கம்னு வாசிச்சாங்களே, நீயான்னு. இல்லக்கா, ஸ்ரீரங்கத்துல மல்லிகா நூறு பேர் இருப்பாங்கன்னேன்."

"மன்னிச்சுக்கம்மா. எனக்கு வழக்கம் தெரியாம போச்சு."

"நாலா மடிச்சுப் போட்டா வெளியில வராதுன்னு எனக்கே தெரியும் ஃபாதர். நான் சபையில கூட இல்லை." சீட்டை மறுபடி நாலாக மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டார். "நான் உங்களுக்கு எழுதல. அவருக்கு எழுதினேன்" என்று சிலுவையைக் காட்டினார்.

ஆபரேஷன் எப்போது என்று கேட்டேன். இந்த மாதமே செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். மாப்பிள்ளை துபாயில் ஏசி மெக்கானிக். தையில்தான் லீவு. அதைத் தள்ளினால் இரண்டு வருஷம். "தை முடியட்டும்" என்றார், பஸ் வரட்டும் என்பதுபோல.

புதன்கிழமை விமலா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். அன்று அவர் வீட்டு முறை. மீன் குழம்பு. வந்த நாளிலிருந்து நான் காத்திருந்த மீன், ஒரு துண்டுக்கு மேல் இறங்கவில்லை. அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததே விமலாதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"என் மனசு கேக்கலைங்க ஐயரே. மாப்பிள்ளையோட அம்மாவுக்குப் போன் போட்டு, இப்படி ஒரு சீட்டு வந்துச்சு, யாரோ என்னமோன்னு சொல்லிட்டேன். நாளைக்கு மறைச்சேன்னு என்மேல வரக் கூடாது பாருங்க. அவங்க உப்பிலியபுரம். அந்தம்மா என்ன சொல்றாங்கன்னா, வாசிச்ச பாதிரியாரே நேர்ல வந்து சொல்லட்டும், அது நம்ம மல்லிகா இல்லைன்னு அவர் வாயால சொல்லிட்டா போதும், நாங்க வேற எதுவும் கேக்கலைங்கறாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்து, "நம்ம மல்லிகா இல்லதானே?" என்றார்.

"சீட்டில் இருந்ததை வாசித்தேன்" என்றேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

சனிக்கிழமை மல்லிகா தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். புறப்படும்போது ஜெயசீலன், "ஸ்ரீரங்கத்துல போய் நான் ஐயர்னு சொல்லிடாதீங்க, வேற மாதிரி எடுத்துக்குவாங்க" என்று கையை ஆட்டினார். அது புரட்டாசிச் சனிக்கிழமை என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். திருவானைக்கோவிலோடு பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர், "இதுக்கு மேல பெருமாளே நினைச்சாலும் போவாது, இறங்குங்க இறங்குங்க" என்றார். நடந்தேன். கூட்டம். ஒரு நிழலில் நின்று ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்தேன். என்னைக் கடந்தவர்கள் நூற்று முப்பத்தாறு பேர். அறுபத்து நான்கு பேருக்கு மைக் வைத்துப் பேசுகிறவனுக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

பஞ்சகச்சம் கட்டிய ஒரு முதியவர் கூப்பிட்டார். "வெயில்ல நிக்காதேங்கோ ஸ்வாமி. மோர் சாப்பிட்டுப் போங்கோ. சேவிக்க வந்தேளா?"

"ஒருத்தரைப் பார்க்க வந்தேங்க. உடம்பு சரியில்லை."

"பெருமாள் பார்த்துப்பார். மோர் இன்னும் கொஞ்சம் விடட்டுமா?"

இரண்டு தம்ளர் குடித்தேன். இதே வார்த்தையை நான் எத்தனை கட்டில் ஓரத்தில் நின்று சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தேன். அதை மட்டும் எண்ணவில்லை.

மல்லிகாவின் வீடு அடையவளஞ்சான் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில். ஆறு குடித்தனத்துக்கு ஒரு வாசல். ஒரே அறை, அதில் பாதியைத் தையல் மிஷின் அடைத்திருந்தது. கணவர் இறந்து எட்டு வருஷம். மகள் சுகன்யா சத்திரம் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள், இரவுதான் வருவாள். அவளுக்கும் எதுவும் தெரியாது.

காபி கொடுத்துவிட்டு நேராகச் சொன்னார். "விமலாக்கா எல்லாம் சொன்னாங்க. உப்பிலியபுரம் போயிட்டு வந்துடுங்க ஃபாதர். அது வேற மல்லிகான்னு சொல்லிடுங்க."

"நான் எப்படிம்மா பொய் சொல்றது? நான் யாருன்னு நினைச்சீங்க?"

"தெரியும். அதனாலதான் நம்புவாங்க."

 காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான் போய்ச் சொன்னால் உடனே ஆபரேஷனுக்குப் போவீர்களா, மகளுக்குக்கூட ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாமே என்று கேட்டேன்.

"நீங்க போயிட்டு வாங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பொய், அதற்கு ஈடாக ஓர் உயிர். கணக்கு நேராக இருப்பதாகப் பட்டது.

மூன்றாம் ஞாயிறு. பெட்டியைச் சாவி போட்டுத் திறந்தேன். காலி. ஒரு சீட்டு இல்லை. ஆராதனையில் ஜெபக் குறிப்பு வாசிக்கும் நேரம் வந்தபோது, பொதுவாக எல்லா நோயாளிகளுக்கும் என்று ஜெபித்து முடித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐம்பத்தொரு பேர்.

செவ்வாய் உப்பிலியபுரம் புறப்பட்டேன். புலிவலத்தைத் தாண்டியதும் பஸ் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். டிரைவரைச் சுற்றி ஆளுக்கு ஒரு யோசனை.

"ஸ்டெப்னி இருக்கா இல்லியா?"

"இருக்கு. அதுல காத்து இல்ல."

"அப்ப அதை எதுக்குய்யா தூக்கிட்டு அலையற, துணைக்கா?"

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, "கல்யாண விஷயமாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "சகுனம் சரியில்லைன்னு திரும்பிடாதீங்க. இந்த வண்டி தெனமும் வெடிக்கும்" என்றார். எதிர்ப்பக்கம் திருச்சிக்குப் போகும் பஸ் இரண்டு கடந்தது. இரண்டிலும் இடம் இருந்தது. ஐம்பது நிமிஷம் நின்றேன். திரும்பவில்லை.

மாப்பிள்ளை வீடு ஊருக்கு வெளியே, பின்னால் பச்சைமலை தெரிய, சோளக்காட்டை ஒட்டி. எங்கள் ஊரில் தூரத்தில் மேடு தெரிந்தால் அது சுரங்கத்திலிருந்து வந்த சயனைடு மண், புல் முளைக்காது. இங்கே மலை முழுக்கப் பச்சை. மாப்பிள்ளையின் அம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பருத்த உடம்பு, உரத்த குரல். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் முதலில் என் காலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"வாங்க சாமி. இம்புட்டுத் தூரம் உங்களை அலைய வெச்சுட்டேன். தப்பா நினைக்காதீங்க. எங்க நாத்தனாரு இதே நோவுல போனா. அவ பொண்ணுக்கும் வந்துச்சு. அதான் பயம். அந்தப் புள்ள சுகன்யாவை எனக்குப் புடிச்சுப் போச்சு, விடவும் மனசு வரல."

"அது வேறு மல்லிகா, அம்மா" என்றேன்.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"வயசானவங்களா?"

"அறுபது இருக்கும்."

"பிள்ளைங்க?"

"இல்லை."

"அய்யோ, அப்ப யாரு பார்த்துக்குவா? ஆபரேஷன் எப்போ?"

"இந்த மாதமே."

"யாராவது கூட இருக்காங்களா ஆஸ்பத்திரியில?"

"இருக்காங்க."

ஒரு பொய் சொல்லப் போனேன். எண்ணினால் ஆறு. அந்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு பை மரவள்ளிக்கிழங்கும் ஒரு காகிதப் பொட்டலமும் கொண்டுவந்தார்.

"எங்க குலசாமி திருநீறு. நீங்க வேதக்காரவுங்க, வாங்குவீங்களோ என்னவோ. அந்த அம்மாகிட்டச் சேத்துடுங்க. பிள்ளையில்லாதவங்க பாவம். கிழங்கு மலையிலேர்ந்து வந்தது, அவிச்சுச் சாப்பிடச் சொல்லுங்க." பிறகு முகம் தெளிந்து, "ஐப்பசி பொறந்ததும் பூ வைக்க வந்துடறோம் சாமி. பொண்ணு வீட்டுல ஆம்பளைத் துணை இல்ல பாருங்க, ஜவுளி, பாத்திரம் எல்லாம் நானே வந்து தங்கி முடிச்சுக் குடுத்துடறேன்னு மல்லிகாகிட்டச் சொல்லிடுங்க. தை வரைக்கும் போக வர இருப்பேன்" என்றார்.

பையை வாங்கிக்கொண்டேன். ஐந்து கிலோ இருக்கும். திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜெபிக்கப் பார்த்தேன். யாருக்காக என்று தொடங்குவதென்று தெரியவில்லை. பிள்ளையில்லாத அறுபது வயது மல்லிகாதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தார். அவருக்குத்தான் அன்று இரண்டு பேர் உருகியிருந்தோம்.

பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் தை ஐந்தாம் தேதி நடந்தது. நல்ல கூட்டம் என்று ஜெயசீலன் போனில் சொன்னார். மாசியில் மல்லிகா ஆஸ்பத்திரிக்குப் போனார். நோய் பரவிவிட்டது, இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். ஆடி வரை இருந்தார். சம்பந்தி அம்மாள் வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்டாராம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று ஜெயசீலன் ஆறுதலாகச் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அந்தச் செவ்வாய் மாலை உப்பிலியபுரத்திலிருந்து நேராக ஸ்ரீரங்கம் போனேன். மல்லிகா மிஷினில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "யாரு குடுத்தது?" என்றார்.

"உங்க சம்பந்தி அம்மா. அந்த இன்னொரு மல்லிகாவுக்கு."

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். கிழங்கு ஒன்றை உடைத்து முகர்ந்தார். "நல்ல மனுஷங்க ஃபாதர். சுகன்யா அங்க நல்லா இருப்பா. எனக்கு அது போதும்."

"ஆஸ்பத்திரிக்கு எப்போ போறீங்க?"

"அவங்க ஐப்பசியில வராங்க. அப்புறம் தை வரைக்கும் போக வர இருப்பேன்னு சொல்லியிருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? மாரை அறுத்துட்டு வந்து அவங்க பக்கத்துல எப்படிப் படுப்பேன்?" மிஷினை மறுபடி மிதித்தார். "நீங்க சொன்னது நிக்கணும்ல."

தை ஐந்துக்கு இன்னும் தொண்ணூற்றேழு நாள் இருந்தது. எழுந்து நின்றேன்.  "அப்படின்னா நாளைக்கே திரும்பப் போறேன். அந்தம்மா நல்லவங்க, அவங்களே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. உண்மையைச் சொல்லிடறேன்."

மிஷின் நின்றது. அவர் கோபப்படவில்லை. ஊசியில் நூல் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"என் விஷயத்தை எத்தனை தடவைதான் வெளியில சொல்லுவீங்க ஃபாதர்?"

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். நான் சந்து முனைக்கு வருவதற்குள் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.